காலைல எடுக்க மாட்டேங்குற டீசல் வண்டி: முதல்ல புகையைப் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். என்கிட்ட இருபது வருஷத்துக்கு மேல பழைய டீசல் கார் இருக்கு, டீசலை அமுக்கி அனுப்புற ரோட்டரி பம்ப் வச்ச பழைய மாதிரி இன்ஜின், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ஓடுற காமன் ரெயில் இல்ல. பகல்ல எத்தனை தடவை ஆஃப் பண்ணி எடுத்தாலும் அரை செல்ஃப்ல எடுத்துடுது. ராத்திரி முழுக்க நின்னுட்டு காலைல எடுத்தா மட்டும் எட்டு பத்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு, எடுத்த பிறகும் ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் நடுங்குற மாதிரி ஓடித்தான் சரியாகுது. பேட்டரி புதுசு போட்டாச்சு, ஒண்ணும் மாறல. டேஷ்போர்டுல ஹீட்டர் லைட் எரிஞ்சு அணையுது, அதனால ஹீட்டர் பிளக் நல்லா இருக்குன்னு மெக்கானிக் சொல்றார். டீசலைத் தெளிக்கிற நாலு நாசிலையும் கழட்டி பம்ப்பையும் இறக்கணுமாம். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு பம்ப்ல யாரையும் கை வைக்க விடாதீங்க சார். பம்ப் தேஞ்சு போச்சுன்னா பெரும்பாலும் வண்டி சூடா இருக்கும்போதுதான் அடம் பிடிக்கும், ஏன்னா சூடான டீசல் இளகி தேஞ்ச இடுக்குல நழுவிடும். உங்க வண்டி சூட்டுல அரை செல்ஃப்ல எடுக்குதுன்னா பம்ப்பும் நாசிலும் ஓரளவு வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். அப்ப, ராத்திரில மட்டும் என்ன மாறுதுன்னு பாக்கணும். ரெண்டே விஷயம்தான் மாறுது, ஒண்ணு இன்ஜின் ஆறிப்போகுது, இன்னொண்ணு வண்டி ரொம்ப நேரம் சும்மா நிக்குது.

நாளைக்குக் காலைல வேற யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் போய் நில்லுங்க. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையா, கண்ணு எரியுற மாதிரி பச்சை டீசல் வாடையோட புகை வருதா, இல்ல புகையே வரலையா? இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள வருது, ஆனா எரியலைன்னு அர்த்தம். டீசல் இன்ஜின்ல தீப்பொறி கிடையாது இல்லையா, காத்தை 20-ல ஒரு பங்கா அமுக்கும்போது வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கணும். ஆறிப்போன இரும்பு அந்தச் சூட்டை அப்படியே உறிஞ்சிடுது. அதை ஈடு கட்டத்தான் ஹீட்டர் பிளக், குளோ பிளக்னும் சொல்லுவாங்க, அது 800 டிகிரிக்கு மேல பழுக்குற சாமான். டேஷ்போர்டு லைட்டை நம்பாதீங்க சார், இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன்! பழைய வண்டிகள்ல அந்த லைட் டைமர் சொல்றபடி எரிஞ்சு அணையும், அவ்வளவுதான், நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் ஒழுங்கா எரிஞ்சு ஒழுங்கா அணையும்.

டெஸ்ட் பண்றது சுலபம். நாலு பிளக் தலையையும் சேத்து ஒரு உலோகப் பட்டை போயிருக்கும், முதல்ல பேட்டரியைக் கழட்டிட்டு அந்தப் பட்டையை எடுங்க. எடுக்கும்போதே நட்டுக்கு அடியில பாருங்க, பச்சையா பூத்துப்போயி கரி பிடிச்சிருந்தா அங்கயே கரண்ட் பாதி நின்னு போயிருக்கும், சில வண்டிக்கு அதை எமரி பேப்பர்ல தேச்சு இறுக்கினதோட வேலை முடிஞ்சிடும். பட்டை தனியா வந்ததும் மல்டிமீட்டரை ஓம்ல வச்சு ஒரு முனையை பிளக் தலையிலயும் இன்னொண்ண இன்ஜின் பாடியிலயும் வைங்க. நல்ல பிளக்ல சுமார் 1 ஓம், அதுக்கும் கீழ கூட காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா அந்த பிளக் போச்சு. நீங்க சொன்ன அந்த ஒரு நிமிஷ நடுக்கம் இருக்கு பாருங்க, அதை வச்சுப் பாத்தா எனக்கு சந்தேகமே இங்கதான். ரெண்டு பிளக் போயிருந்தா இன்ஜின் ரெண்டு சிலிண்டர்ல எடுத்து, மத்த ரெண்டும் சூடாகுற வரைக்கும் அப்படித்தான் நடுங்கும்.

நாலும் நல்லா இருந்தா, பட்டையை மாட்டி பேட்டரியைக் குடுத்து, சாவி போட்டதும் பட்டைக்கு கரண்ட் வருதான்னு பாருங்க. ஒரு பிளக் 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், நாலும் சேந்தா 40, 50-ன்னு போகும், அவ்வளவு கரண்டைத் தினமும் தாங்கி, பிளக்குக்குக் கரண்ட் விடுற ரிலே ஸ்விட்சோட பாயின்ட் கருகுறது, பட்டை ஃபியூஸ் கண்ணுக்குத் தெரியாம விரிசல் விடுறது எல்லாம் சகஜம்.

பிளக் கழட்டுறதா இருந்தா தயவுசெஞ்சு நிதானமா பண்ணச் சொல்லுங்க. பல வருஷக் கரியில ஹெட்டோட ஒட்டிப்போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்குற ஆயிலை விட்டு ஊற வச்சு, இன்ஜினை நல்லா சூடாக்கி, கொஞ்சம் கழட்டி கொஞ்சம் இறுக்கி, அப்படி முன்னும் பின்னுமா எடுக்கணும். நீளமான ராடைப் போட்டு ஒரே முறுக்கா முறுக்கினா பிளக் உள்ள முறிஞ்சிடும், அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டிய நிலைமை வந்துடும்.

புகையே வரலைன்னா கதை வேற. டீசல் நாசில் வரைக்கும் வரல, ராத்திரில லைன்ல ஏர் புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கு. உடனே, கீழ ஒரு சொட்டு கூட கசியலையேன்னு கேப்பீங்க. டேங்குல இருந்து பம்ப் வரைக்கும் இருக்குற லைன் உறிஞ்சுற லைன் சார், அதுல ஓட்டை இருந்தா பெரும்பாலும் டீசல் வெளிய வராது, ஏர்தான் உள்ள போகும், அதனாலதான் கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது. என் சொந்த வண்டியில இதே தொல்லைக்கு மூணு வாரம் அலைஞ்சேன். ஃபில்டர் மாத்தி, ஹோஸ் மாத்தி, கிளிப் எல்லாம் மாத்தி, கடைசியில பாத்தா மிச்ச டீசலைத் திருப்பி அனுப்ப நாசிலுக்கு நாசில் போற அந்தத் துணி சுத்தின சின்ன ரிட்டர்ன் ஹோஸ், அதோட கடைசி மூடி வெடிச்சிருந்தது, சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும், தொட்டா லேசா ஈரம், அவ்வளவுதான் தடயம்.

நீங்க அவ்வளவு அலைய வேண்டாம். ஒரு ராத்திரி வண்டி மூக்கு கீழ பாத்த மாதிரி சரிவுல நிறுத்துங்க, கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு. டேங்கு மேல, இன்ஜின் கீழன்னு ஆயிட்டா டீசல் பின்னால ஓடாது. அன்னைக்குக் காலைல மட்டும் டக்குனு எடுத்தா ஏர்தான். இல்லைன்னா காலைல செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி, லைன்ல டீசலைக் கையால ஏத்துற கை பம்ப்பை அமுக்குங்க, கெட்டியா இருக்க வேண்டியது தொளதொளன்னு இருந்து பத்து தடவை அமுக்கின பிறகு கெட்டியாகி, உடனே வண்டியும் எடுத்துட்டா அதுவும் ஏர்தான். பம்ப்புக்கு முன்னால ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் போட்டுப் பாத்தா குமிழி ஓடுறது நேராவே தெரியும். ஃபில்டர் ரப்பர் ரிங், தண்ணி வடிக்கிற திருகு, கை பம்ப்போட சவ்வு, இந்த மூணையும் விடாம பாருங்க.

பேட்டரி புதுசுன்னீங்க, சரி, ஆனா எர்த் ஒயர்? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில மீட்டர் வச்சா 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது. பேட்டரில நல்லா காட்டியும் செல்ஃப் சோம்பலா சுத்துனா இன்ஜினுக்கு வர்ற எர்த் பட்டையைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. குளிர் ஜாஸ்தியான இடத்துல 20-50-ன்ற கெட்டியான இன்ஜின் ஆயில் ஊத்தி ஓட்டுறதும் செல்ஃபை இழுத்துப் பிடிக்கும், மேனுவல் அனுமதிச்சா இன்னும் இளகலான கிரேடுக்கு மாறலாம். இத்தனையும் சரியா இருந்து வெள்ளைப் புகை விடாம வந்தா வால்வு இடைவெளி, பம்ப் டைமிங், அப்புறம் கம்ப்ரஷன் (இன்ஜின் காத்தை அமுக்குற பலம்), இந்த வரிசையில போகச் சொல்லுங்க. நாசில் அதுக்கும் பிறகுதான்.

கேள்வி: அண்ணா, காலைல ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிச்சா ஒரே செல்ஃப்ல எடுக்குது. தினமும் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இன்னையோட நிறுத்திடுங்க. அந்த ஸ்பிரேல பெரும்பாலும் இருக்கறது ஈதர், டீசலைவிடக் குறைஞ்ச சூட்டுலயே பத்திக்கும். ஹீட்டர் பிளக் பழுத்துக்கிட்டு இருக்கும்போது அது உள்ள போச்சுன்னா பிஸ்டன் மேல ஏறி முடிக்கிறதுக்கு முன்னாடியே வெடிக்கும், பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்கிற மாதிரி. ரிங் உடையும், ரிங் உக்கார்ற பள்ளம் உடையும், கம்ப்ரஷன் குறையும், அடுத்த மாசம் ஸ்பிரே இல்லாம எடுக்கவே எடுக்காது. டேங்குக்குக் கீழயும் இன்ஜின் அடியிலயும் துணியைக் கொளுத்திக் காட்டுறவங்களும் இருக்காங்க, அது உயிருக்கே ஆபத்து, செய்யவே செய்யாதீங்க. மேல இருக்குற பதில்ல சொன்ன மாதிரி புகையைப் பாத்து, பிளக்கை டெஸ்ட் பண்ணுங்க, ஒரு மணி நேர வேலைதான்.

கேள்வி: என்னோடது காமன் ரெயில் வண்டி. எனக்கு நேர்மாறு, காலைல நல்லா எடுக்குது, ஓட்டி நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா அடம் பிடிக்குது. ஹீட்டர் பிளக் மாத்தலாமா?

பதில்: பிளக் காரணமா இருக்காது, அந்தச் செலவு வேண்டாம். உங்க வண்டியில எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா டீசலை அழுத்தத்துல வச்சிருக்குற குழாய்தான் ரெயில், அந்த ரெயில்ல 200 பார் அளவுக்காவது பிரஷர் ஏறினாத்தான் பெரும்பாலான இன்ஜின்ல இன்ஜெக்டர் திறக்கும். இன்ஜெக்டர் தேஞ்சு டீசல் ரிட்டர்ன்லயே ஓடிட்டா, அதுவும் சூட்டுல இளகி இன்னும் ஜாஸ்தியா ஓடுமா, பிரஷர் ஏறாது. ஸ்கேனர் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு வருதுன்னு பாக்கச் சொல்லுங்க. குறைவா இருந்தா நாலு இன்ஜெக்டர் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டில்ல விட்டு அளந்தா எது ஜாஸ்தியா விடுதுன்னு தெரிஞ்சிடும். பிரஷர் நல்லா இருந்தும் எடுக்கலைன்னா இன்ஜின் சுத்துறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிராங்க் சென்சார் பக்கம் பாருங்க, அது சூட்டுல செத்து ஆறினா உயிர் வர்ற வகை. இன்னொண்ணு, மேல சொன்ன பிளக் டெஸ்ட்டுல ஓம் பாக்கறது வரைக்கும் உங்களுக்கும் பொருந்தும், ஆனா புது மாடல் பிளக் சிலது 5, 7 வோல்ட்ல ஓடுறது, பேட்டரியில இருந்து நேரா ஒயர் குடுத்துப் பாத்துடாதீங்க, அந்த நொடியே எரிஞ்சு போயிடும்.