ரயரில் வெட்டுப் போடுவதா, விண்டர் ரயர் வாங்குவதா?

தம்பி, இங்கே ஒன்ராறியோவில் ஸ்காபரோவிலிருந்து வடக்கே பாரி நகருக்கு இரவு வேலைக்குப் போய்வருகிறீர்கள். காரோடு வந்த ஓல் சீசன் (எல்லாப் பருவத்துக்குமான) ரயரில் மெல்லிய வெட்டுப் போட்டுத் தந்தால் பனிக்குப் போதும் என்று கராஜில் சொல்கிறார்களாம். செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தக் காசை விண்டர் ரயருக்கு, அதாவது குளிர்காலத்துக்கென்றே செய்த ரயருக்கு வையுங்கள்.

சைப்பிங் என்கிற இந்த வேலையில் பலன் இல்லாமல் இல்லை. ரயர் முகத்தின் இறப்பர்க் கட்டிகளில் இயந்திரக் கத்தியால் குறுக்கே வெட்டுவார்கள். ரயர் உருளும்போது கட்டி வளைந்து வெட்டுகள் வாய் திறக்கும். அந்த விளிம்புகள் பனியைக் கவ்வும். சமிக்ஞை விளக்கடியில் நின்று கிளம்பும்போது சில்லு சும்மா சுற்றுவது குறையும். பெரிய கட்டிகள் கொண்ட பிக்கப் ரயரில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் வெட்டுப் போட்டாலும் இறப்பர் அதே இறப்பர்தான். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் ஓல் சீசன் இறப்பர் இறுகத் தொடங்கும். விறைத்த இறப்பரில் எத்தனை வெட்டு இருந்தும் பிடிமானம் போதாது. விண்டர் ரயரின் கலவையே வேறு. கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் வெட்டுகளும் தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டவை. நல்ல விண்டர் ரயரின் வெட்டு ஒன்றை நகத்தால் விரித்துப் பாருங்கள், உட்சுவர் நெளிநெளியாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது இரு பக்கமும் ஒன்றோடொன்று கொழுவி, கட்டி தளராமல் நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கராஜில் போடுவது நேர்வெட்டு, அதில் இந்தப் பிடி கிடையாது.

நீங்கள் பாரிக்குப் போகும் 400 நெடுஞ்சாலையில் ஜோர்ஜியன் வளைகுடாப் பனிவீச்சு கண்ணை மறைக்கும் இரவுகள் உண்டு. ஆனாலும் குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களில் அது உப்புப் போட்ட வெறும் தார்தான். அங்கே வெட்டிய கட்டிகள் அசைவதால் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும். பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸின் சோதனையிலும் பனியிலும் ஐஸிலும் சற்று முன்னேற்றம், உலர்ந்த வீதியிலும் நனைந்த வீதியிலும் பின்னடைவு என்றே கண்டார்கள். சரளை வீதியில் ஓடினால் வெட்டிய இடம் பிய்ந்துவரும். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பறிபோகலாம்.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில், மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரையைத் தேடுங்கள். எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது. நான்கு சில்லுக்கும் போடுங்கள். முன்னிரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் சட்டம் இல்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும். மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

காசு மட்டாக இருந்தால் பாவித்த ரயரும் சரிதான். 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்ததை மட்டும் பனிக்கு எடுக்காதீர்கள். முதல் பனி கொட்டினால் கராஜ்களில் இடம் கிடைக்காது, ஒக்டோபருக்குள் நேரம் பதிந்துவிடுங்கள். பாவித்த செட் ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள் தம்பி, நானும் கூட வந்து பார்க்கிறேன்.