கதாநாயகன் செத்தால் படம் முடிந்துவிடுமா?

கேள்வி: 1985 இல் வந்த ‘டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.’ படத்தைக் கைபேசியில் பார்த்தேன், நன்றாக ரசித்தேன். “இவ்வளவு சாவைக் கண்ட மண்ணில் இருந்துகொண்டு வெடிச்சத்தப் படமா பார்க்கிறாய்?” என்று அத்தான் ஏசுகிறார். ரசித்தது பிழையா? எனக்கு ஒரேயொரு குறை: கதாநாயகனைக் கடைசிக்கு முன்னமே கொன்றுவிட்டார்கள்.
– வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: அத்தானிடம் முதலில் ஒன்று கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட நாயகன் ஒற்றைத் துவக்கோடு ஐம்பது பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு, சட்டை கசங்காமல் பாட்டுக்குப் போகும் படங்களை அவர் பார்ப்பதில்லையா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தப் படங்களுக்கு விசிலடிக்கும் கூட்டத்தில் எங்கள் ஆட்களும் உண்டு. அங்கே விழும் பிணங்களைப் பார்த்து யாருக்கும் மண் ஞாபகம் வருவதில்லை.

மின்சாரம் இல்லாத வன்னியில் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டருக்குக் காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்த்தவர்கள் நாங்கள். உண்மையான வெடி எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவர்கள்தான் அதையும் பார்த்தார்கள். தெரிந்தபடியால் எந்தப் படம் புளுகுகிறது என்றும் தெரிந்தது.

இந்தப் படத்தில் புளுகு குறைவு. இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் ஆவணப்படத்தில் கைபழகியவர். 1971 இல் ‘த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ எடுத்து ஒஸ்கார் வாங்கியவர். மூலக்கதை எழுதிய ஜெரால்ட் பெட்டிவிச், அமெரிக்க சீக்ரெட் சேர்விஸில் வேலை பார்த்தவர். ஜனாதிபதிக்குக் காவல் நிற்பதும் கள்ள நோட்டுக்காரரைத் துரத்துவதும் அந்தப் பிரிவுதான். கதாநாயகனும் அந்த வேலைதான். ஆனால் நல்லவன் என்று சொல்ல முடியாது. கூட்டாளியைக் கொன்றவனைப் பொறியில் விழுத்தப் பணம் வேண்டும், அலுவலகம் கேட்ட தொகையைக் கொடுக்காது, ஆகவே வழியில் ஒருவனைப் பிடித்துக் கொள்ளையடிக்கிறான். அந்த ஆள் செத்துப்போகிறான். எல்லோரும் பேசும் கார்த் துரத்தல் அப்போதுதான் வருகிறது. நெடுஞ்சாலையில், எதிர்த்திசையில். செத்தவன் மாறுவேடத்தில் வந்த எஃப்.பி.ஐ. ஆள் என்பது பிறகுதான் தெரிகிறது. சட்டத்தின் ஆள், சட்டத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறான்!

எனக்குப் பிடித்த இடம் வேறு. வில்லனாக வரும் வில்லெம் டஃபோ நோட்டு அடிக்கும் காட்சி. நெகட்டிவ் எடுத்து, தகட்டில் ஏற்றி, மை கலந்து நிறம் பார்த்து, மெஷினில் ஓட்டி, தாள் தாளாக வெட்டுவதுவரை அவசரமில்லாமல் காட்டுகிறார்கள். அச்சகத்தில் காலம் தள்ளியவனுக்கு வாயூறும். பொருளாதாரத் தடைக் காலத்தில் தாள் வராமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த வடக்கில் இருந்துகொண்டு பார்க்க, களவுத் தொழில்தான் என்றாலும், கொஞ்சம் பொறாமையும் வந்தது. அவன் ஓவியனும்கூட. தான் வரைந்ததைத் தானே கொளுத்துகிற ஓவியன்.

சரி, உங்கள் குறை. கேள்வியிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்கள், இனி நான் மறைத்துப் பயனில்லை. முகத்தில் ஒரு வெடி, ஆள் முடிந்தான். கடைசி வசனம் கிடையாது, மடியில் தலைவைத்து அழ ஒருத்தி கிடையாது. நாங்கள் கண்ட சாவுகள் மட்டும் வசனம் பேசி முடிக்கும்வரை காத்திருந்தனவா? கதாநாயகனும் அவனோடு வேலைசெய்யும் மற்றக் கூட்டாளியும் உயிர்தப்பி அலாஸ்காவுக்கு மாற்றலாகிப் போவதாக இன்னொரு முடிவையும் படம்பிடித்திருந்தார்கள். ஃபிரீட்கின் அதை ஒதுக்கிவிட்டார். அதைப் போட்டிருந்தால் உங்களுக்குக் குறையும் இருந்திராது, எனக்கு இந்தப் பதில் எழுதும் வேலையும் இருந்திராது.

ஆள் செத்த பிறகுதான் படத்தின் மிகக் கொடிய இடம் வருகிறது. படம் முழுக்கப் பயந்து நடுங்கிய அந்தக் கூட்டாளி, செத்தவனின் தோரணையோடு அவனுடைய துப்புக்காரியின் வீட்டுக்கு வந்து, இனி நீ எனக்கு வேலை செய் என்கிறான். கதாநாயகன் போனதும் கைபேசியை மூடிவைத்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். திரும்பப் பாருங்கள். அத்தானையும் இருத்திப் பார்ப்பதானால் பிள்ளைகள் நித்திரையான பிறகு போடுங்கள். அந்தப் படத்தில் மறைக்கவேண்டியது வெடிச்சத்தம் மட்டுமில்லை.