வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒண்ணா போட்டா ஆபத்தா?

விருதுநகர்ல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு 71 வயசு. டிஸ்க் பிரச்சனைக்கு எலும்பு டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதியிருக்கார், படபடப்பு தூக்கமில்லைன்னு போன இன்னொரு டாக்டர் ஒரு நரம்பு மாத்திரை எழுதியிருக்கார், ரெண்டும் ரெண்டு மாசமா ஓடுது. இப்ப பகல்லயும் தூங்கி வழியுறார், பேச்சு குழறுது, ராத்திரி குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதாம். ரெண்டையும் சேர்த்துப் போட்டா உயிருக்கே ஆபத்துன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திரவான்னு கேக்குறாங்க.

சகோதரி, அந்த மெசேஜ்ல இருக்கிற பயம் நியாயமானதுதான், ஆனா நீங்களா எல்லாத்தையும் டக்குனு நிறுத்திராதீங்க, ஏன்னு சொல்றேன்.

நீங்க அனுப்புன அட்டை போட்டோவைப் பார்த்தேன். வலிக்குக் குடுத்தது பாராசிட்டமால் 325, கூடவே ட்ரமடால் 37.5. இந்த ட்ரமடால் சாதா வலி மாத்திரை கிடையாது, மார்ஃபின் குடும்பம், ஓபியாய்டுன்னு சொல்ற வகை. இன்னொரு அட்டையில படபடப்பு, மனச்சோர்வுக்குக் குடுக்கிற எசிடலோபிராம் கூட க்ளோனாசிபாம் 0.5 சேர்ந்திருக்கு. இதைத்தான் வீட்டுல எல்லாரும் நரம்பு மாத்திரைன்னு சொல்றீங்க, அதுக்குள்ள இருக்கிற க்ளோனாசிபாம், படபடப்பை அடக்கித் தூங்க வைக்கிற பென்சோடயசிபைன் வகை, சுருக்கமா பென்சோ, அல்பிரசோலாம், டயசிபாம் எல்லாம் இதே ஜாதிதான். ரெண்டு அட்டையிலயும் ஆபத்தான மருந்து ரொம்பச் சின்ன எழுத்துல ரெண்டாவது பேரா ஒளிஞ்சிருக்கு, அதுலயும் மெடிக்கல்ல நாலு மாத்திரையா வெட்டிக் குடுத்துட்டா அந்தப் பேரே இருக்காது.

ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுனா மூளையோட அடித்தண்டு உடனே மூச்சை இழுன்னு உத்தரவு போடும், தூங்கும்போதும் நம்மளை உயிரோட வச்சிருக்கிறது அதுதான். ஓபியாய்டு அந்த உத்தரவை மந்தமாக்கும், பென்சோ மூளையவே அமுக்கி வைக்கும், தனித்தனியா போட்டப்ப தாங்குன அதே அளவு ரெண்டும் சேரும்போது தாங்காம போயிரும், அதுலயும் வயசானவங்க, கிட்னி சரியில்லாதவங்க, தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு ரொம்ப சீக்கிரம். அதனாலதான் உங்க லெட்டர்ல அந்தக் குறட்டை விஷயம்தான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல கணக்கெடுத்தப்ப ஓபியாய்டு மட்டும் வாங்குனவங்களைவிட ரெண்டும் வாங்குனவங்ககிட்ட ஓவர்டோஸ் சாவு விகிதம் 10 மடங்கு இருந்துச்சு. 2016 ஆகஸ்ட்ல அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த ரெண்டு வகையிலயும் சேர்த்து கிட்டத்தட்ட 400 மருந்துகள் மேல இதுக்காகவே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சாங்க. உங்க அப்பாவுக்கு இன்னொண்ணும் இருக்கு, ட்ரமடாலும் எசிடலோபிராமும் சேர்ந்தா வலிப்பு வர்ற வாய்ப்பும் கூடும்.

அப்ப ஏன் நிறுத்தக் கூடாதுங்கறேன்? ரெண்டு மாசம் பழகுன க்ளோனாசிபாமை திடீர்னு நிறுத்துனா கைநடுக்கம், தூக்கமே இல்லாம போறது, சிலருக்கு வலிப்பே வரும். ட்ரமடாலையும் படிப்படியாத்தான் குறைக்கணும். எதை முதல்ல, எவ்வளவு, எத்தனை வாரத்துலங்கிறதை ஒரு டாக்டர்தான் முடிவு பண்ணணும். ரெண்டு டாக்டரும் தப்பா எழுதல, ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியல, எனக்கு ஆதங்கமே அதுதான். அதனால நாளைக்குக் காலையிலயே வீட்டுல இருக்கிற அட்டை, சிரப் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஒரே டாக்டர் முன்னாடி கொட்டுங்க. இருமல் சிரப்ல கோடீன் இருக்கலாம், அதுவும் ஓபியாய்டுதான், கால் மதமதப்புக்குக் குடுக்கிற ப்ரீகாபலின், கபாபென்டின் கூட மூச்சை மந்தமாக்கும். அப்பா எப்பவாவது குடிக்கிறவரா இருந்தா அதையும் கூச்சப்படாம சொல்லிருங்க, இந்த மாத்திரைங்க ஓடுற வரைக்கும் ஒரு பெக்கு கூட ஆகாது.

அதுவரைக்கும், அரைத்தூக்கத்துல இருக்கிறவரை எழுப்பி உட்கார வச்சு அடுத்த மாத்திரையைக் குடுக்காதீங்க, முதல்ல டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்க. ராத்திரி பக்கத்துல யாராவது படுத்துக்கங்க. ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுங்க, பெரியவங்களுக்கு சாதாரணமா 12ல இருந்து 20 இருக்கும். 10க்குக் கீழ போனாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உலுக்கியும் கண்ணு முழிக்கலன்னாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தாலோ 108க்கு அடிச்சிருங்க. அசந்து தூங்குறார்னு விட்டுராதீங்க, காபி, எலுமிச்சை ஜூஸ்னு வாயில ஊத்தாதீங்க, புரையேறிரும். மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சே இல்லன்னா 108ல லைன்ல இருக்கிறவங்க சொல்றபடி நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க. ரெண்டு அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஆஸ்பத்திரியில நலாக்ஸோன் ஊசி போடுவாங்க, அது ஓபியாய்டை மட்டும்தான் முறிக்கும், பென்சோவை முறிக்காது, அதனால என்னென்ன போட்டிருக்கார்னு அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.

ஆனா நீங்க எழுதியிருக்கிற அளவுக்கு மூச்சு நின்னு நின்னு வந்து பகல்லயும் பேச்சு குழறுதுன்னா, இந்த பதிலைப் படிக்கிறப்பவும் அப்படியே இருந்தா, காலைக்குன்னு காத்திருக்காதீங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க.