நம்மூர் இங்கிலீஷோடு 'பீட்டர் பான்' ஆடிஷனுக்குப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் அமெச்சூர் நாடகக் குழு 'பீட்டர் பான்' போடப் போகிறது. அடுத்த மாதம் ஆடிஷன். மேடை அனுபவம் இல்லை, பேசுவதும் நம்மூர் இங்கிலீஷ். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். யாராவது போயிருக்கிறீர்களா?

கட்டாயம் போங்கள். இதே நாடகத்துக்கு, இதே பயத்தோடு, நாற்பத்தொரு வயதில் நான் போனேன். லண்டனுக்குத் தெற்கே ஒரு ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். சின்ன வயதில் கோவில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையர் கூட்டத்தோடு நின்றதுதான் என் மேடை அனுபவம்.

முதலில், எந்தப் 'பீட்டர் பான்' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வளராமலே இருக்கும் பையன் பீட்டர், டார்லிங் வீட்டுப் பிள்ளைகளைப் பறக்கக் கூட்டிக்கொண்டு போகிற கதை இது. ஜே. எம். பாரி எழுதிய மூல நாடகம் ஒன்று; 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது அதுதான். பாட்டோடு வரும் மியூசிக்கல் இன்னொன்று. கிறிஸ்துமஸ் நேரத்தில் குடும்பத்தோடு பார்க்கிற வேடிக்கை நாடகமான பேண்டோ மூன்றாவது வகை. மியூசிக்கல் என்றால் ஒரு பாட்டின் சில வரிகளைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். பேண்டோவில் கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசிக் கத்த வைக்க வேண்டும். மூல நாடகத்துக்கு இரண்டும் வேண்டாம், ஆனால் எதிரே நிற்கிறவரோடு பேசத் தெரிய வேண்டும். எங்கள் குழு போட்டது மூல நாடகம்.

நான் ஆசைப்பட்டது திருமதி டார்லிங் வேடத்துக்கு. பறந்துபோன பிள்ளைகள் என்றைக்காவது திரும்பி வருவார்கள், ஜன்னலைச் சாத்தவே கூடாது என்று பிடிவாதமாக இருக்கிற தாய். பீட்டரின் கதை இதற்கு நேர் எதிர்: அவன் திரும்பிப் போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது, அவன் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது. அம்மாவை ஊரில் விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தவள் நான். அந்த இரண்டு ஜன்னல்களையும் பற்றி வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு வாரம் ரேடியோ நாடகங்களைக் கேட்டுக் கேட்டு, இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே பேசப் பழகினேன்.

ஆடிஷன் ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். கொடுத்த பக்கம் நிழல் காட்சி. ஜன்னல் வழியாக வந்த பீட்டர் தப்பி ஓடும்போது ஜன்னல் சட்டென்று இறங்கி அவன் நிழல் மட்டும் அறுந்து உள்ளே மாட்டிக்கொண்டது. அதைத் திருமதி டார்லிங் சுருட்டி டிராயரில் வைத்திருக்கிறாள். இப்போது கணவனிடம் எடுத்துக் காட்டுகிறாள். ஒரு சொல்கூடத் தடுக்காமல் வாசித்து முடித்தேன். டைரக்டர் நன்றி சொல்லிவிட்டு, "உள்ளே வந்ததும் எங்களிடம் வணக்கம் சொன்னீர்களே, அந்தக் குரலில் இன்னொரு தடவை வாசிக்க முடியுமா? நிழலையும் நான் பார்க்கணும்" என்றார்.

கையில் ஒன்றும் இல்லை. கழுத்தில் கிடந்த சால்வையை எடுத்தேன். வார்டில் தினமும் எத்தனை பெட்ஷீட் விரிக்கிறேன், மடிக்கிறேன். கை அதுவாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. வாயில் வந்தது என் சொந்த இங்கிலீஷ். கணவனாக வாசித்தவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்து, சால்வையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். முதல் தடவை அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உச்சரிப்பை மாற்றுவதில் நான் செலவழித்த இரண்டு வாரத்தை, எதிரே நடிப்பவர் பேசும் வரிகளைப் படிப்பதில் செலவழியுங்கள்.

அங்கே ஒரு படிவம் தருவார்கள். வர முடியாத தேதிகள் எவை, வேறு வேடம் தந்தால் ஏற்பீர்களா என்று கேட்டிருப்பார்கள். நைட் டியூட்டி தேதிகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். வாரம் இரண்டு ஒத்திகை, மூன்று மாதம். நடுவில் வராமல் போனால் மற்ற இருபது பேருக்கும் சிரமம். பெரும்பாலான குழுக்களில் உறுப்பினர் சந்தாவும் உண்டு, தொகையை அன்றைக்கே கேட்டுவிடலாம்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் மேடையேற உள்ளூர் கவுன்சிலின் அனுமதி பொதுவாகத் தேவை. குழு மொத்தத்துக்கும் சேர்த்து வாங்குகிற ஏற்பாடும் இருக்கிறது. பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள கவுன்சில் அங்கீகரித்த பொறுப்பாளரான சாபரோன் ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். அனுமதி யார் வாங்குகிறார்கள், சாபரோன் யார் என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்கான குழு உடனே பதில் சொல்லும். பறக்கிற காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக் கட்டிலிலிருந்து குதிக்கக் கூடாது என்று மகளிடமும் சொல்லி வையுங்கள். அந்தக் காலத்திலேயே பிள்ளைகள் அப்படிக் குதித்து அடிபட்டதால்தான், மந்திரத் தூள் பட்டால்தான் பறக்க முடியும் என்பதைச் சேர்த்தேன் என்று பாரியே எழுதியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். திருமதி டார்லிங்குக்கு அல்ல, ஸ்மீக்கு. கேப்டன் ஹுக்கின் கடற்கொள்ளைக் கப்பலில் இருக்கும் ஸ்மீ. அன்று ராத்திரி அழுதேன். அப்புறம் ஸ்கிரிப்டை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். கப்பல் தளத்தில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கிற ஆள் ஸ்மீ! எங்கள் அம்மா தையல்காரி. கால் மிதி மிஷின் சத்தம் கேட்டுத்தான் நான் தூங்கி வளர்ந்தேன்.

இரண்டாம் சுற்றில் தந்தது முதலைக் காட்சி. தன் கையைத் தின்ற முதலை ருசி கண்டு தன்னைத் தேடி அலைவதையும், அது ஒரு கடிகாரத்தை விழுங்கியிருப்பதால் வயிற்றுக்குள் கேட்கும் டிக் டிக் சத்தம் தன்னைக் காப்பாற்றுவதையும் ஹுக் சொல்கிறான். ஸ்மீக்குப் பேச்சு கொஞ்சம்தான், கேட்பதுதான் வேலை. மூல நாடகத்தில் இந்தக் காட்சியில் மிஷின் கிடையாது. ஆனாலும் "தைத்துக்கொண்டே கேளுங்கள்" என்றார் டைரக்டர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி, அம்மா மிதிக்கிற மாதிரி மிதித்தேன். என்றைக்காவது ஒருநாள் அந்தக் கடிகாரம் நின்றுவிடுமே என்று ஸ்மீ சொல்லும் இடம் வந்தபோது, நான் யோசிக்காமலே கால் நின்றுவிட்டது. ஹாலில் சத்தமே இல்லை. ஹுக்காக வாசித்தவர் தன் அடுத்த வரியைச் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

ஸ்மீ எனக்கே கிடைத்தது. திருமதி டார்லிங்காக நடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய ஜன்னல் காட்சி ஒத்திகையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை நான். நர்ஸாக எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பாரி இந்த நாடகத்தின் உரிமையை 1929-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும், 1988-ல் வந்த சட்டப்படி, பிரிட்டனில் இதை மேடையேற்றினால் ராயல்டி அந்த மருத்துவமனைக்குப் போகிறது. எங்கள் டிக்கெட் பணத்திலும் ஒரு பங்கு போனது.

வேடம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, மிஷின் மிதிக்கிற வேடம் என்றேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நூலு அறுந்தா என்ன செய்வ மக்ளே?" டைரக்டரிடம் அதைச் சொன்னேன். கப்பல் காட்சியில் ஸ்மீ மிஷினை நிறுத்தி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஹுக் கத்துவதைக் காதிலேயே வாங்காமல் ஊசியில் கோப்பது அப்படி வந்ததுதான்.