முட்டி வலி என்று சொன்ன பொய்

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 61. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 54. கல்யாணமாகி 29 வருடம் ஆகிறது. ஒரே மகள் லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன அக்டோபரில் போர்ச்சுகல் போயிருந்தோம்.

ஒரு நாள் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சிந்த்ரா போய்ட்டு வாங்கப்பா" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். லிஸ்பன் ரோசியோ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சிந்த்ரா. அங்கிருந்து 434-ஆம் நம்பர் பஸ் வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. மேலே இரண்டு இடங்கள். ஒன்று, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட மூர்கள் என்ற முஸ்லிம்கள் கட்டிய பழைய கோட்டை. இன்னொன்று அதைவிட உயரமான உச்சியில் மஞ்சளும் சிவப்புமாய் நிற்கிற பெனா அரண்மனை. அரண்மனைக்குள் போக எங்களுக்கு 2.30 மணி டிக்கெட். அதற்குள் கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று முதலில் அங்கே இறங்கினோம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு உயரம் என்றால் பயம். உள்ளங்கால் கூசும், வயிறு காலியாகிவிடும். இருப்பது திண்டுக்கல்லில், ஆனால் மலைக்கோட்டைக்கு இன்றுவரை ஏறியதில்லை. யார் கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். மனைவிக்கும் அதே பதில்தான்.

சிந்த்ரா கோட்டையில் மதில் மேலேயே நடைபாதை. பல இடங்களில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. நாலு படி ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு முட்டி வலிக்கும், நீங்க இங்க உக்காருங்க, நான் மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு மனைவி போய்விட்டார். செல்போன் அந்தப் பைக்குள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோபுரத்துப் பக்கம், கொடிக் கம்பத்துக்குக் கீழே, அவர் தெரிந்தார். சேலை, அதற்கு மேல் மகளுடைய ஸ்வெட்டர், காலில் ஷூ. காற்றில் முந்தானை படபடக்க இரண்டு கையையும் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினார். நான் கையைத் தூக்கவில்லை. வாட்ச்சைத் தட்டிக் காட்டினேன்.

அப்புறம் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. கோபுரம் மறைந்தது, மதில் மறைந்தது. இருபது நிமிடம் ஆளையே காணோம். எனக்கு என்னென்னவோ தோன்றியது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "பைத்தியமா உனக்கு? அறிவில்ல?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அரண்மனை வாசலுக்கு 2.10-க்குப் போய்விட்டோம். டிக்கெட்டில் இருந்த நேரம் வெளி வாசலுக்கானது என்று நான் நினைத்திருந்தேன். அது மேலே அரண்மனைக் கதவுக்கானதாம். வரிசையில் நின்று, பூங்கா வழியாக மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சேர்ந்தபோது 2.45. உள்ளே விடவில்லை. மொட்டை மாடிகளை மட்டும் பார்த்தோம். அங்கே நின்றும் "உன்னாலதான்" என்றேன். திரும்பும் ரயிலில் பேச்சில்லை. ராத்திரி படுக்கும்போது அவர் சொன்னது இது: "29 வருஷத்துல இன்னிக்கு அரை மணி நேரம்தான் யாருக்கு என்ன வேணும்னு யோசிக்காம நடந்தேன். அதையும் கெடுத்துட்டீங்க."

ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, கேட்டதற்குப் பதிலும் வருகிறது. ஆனால் அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. என்னோடு வாழ்ந்தது அவருக்கு அவ்வளவு பாரமா?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

ஐயா, வணக்கம்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. அது உங்கள் மனைவி சொல்ல வேண்டியது, நான் கேட்டிருப்பதோ உங்கள் பக்கத்தை மட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 29 வருடமும் வீணாய்ப் போனது என்று அவர் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார். நாலு மாதமாக நீங்கள் அந்த வாக்கியத்தின் முதல் பாதியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் வருத்தம் இருப்பது இரண்டாவது பாதியில்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அவர் உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. முட்டி வலிக்குமே என்று உட்கார வைத்துவிட்டுப் போனார். நீங்கள் பல வருடமாகச் சொன்ன பொய்யை அவர் அக்கறையாகத் திருப்பிக் கொடுத்தார். கீழே உட்கார்ந்திருந்தவர் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூட்டு வலிக்காரர் பெஞ்சில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் நிம்மதியாக நடந்திருப்பார்.

அந்த இருபது நிமிடத்தில் உங்களுக்குள் இருந்தது பயம். விழுந்திருப்பாரோ என்ற பயம். அவர் முழுசாகத் திரும்பி வந்ததும் அது கோபமாக வெளியே வந்தது. இது ஊர் உலகத்தில் நடப்பதுதான். ரோட்டில் ஓடிய பிள்ளையை இழுத்துப் பிடித்ததும் அம்மா முதலில் கொடுப்பது ஒரு அடி. ஆனால் அடி வாங்கியவருக்கு அடிதான் தெரியும். "பனியில நீ தெரியல, செத்துட்டேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைய ரயில் பயணமே வேறு மாதிரி போயிருக்கும்.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் பக்கம் நான் இல்லை. நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது நீங்கள். அதை அவர் கணக்கில் எழுதினீர்கள். அதற்குத் தனியாக ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

கையசைத்ததற்கு வருகிறேன். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கணவன் மனைவியரைப் பல பத்தாண்டுகள் கவனித்து ஆராய்ந்தவர். பெரிய சண்டைகளைப் போலவே அவர் கூர்ந்து பார்த்த இன்னொன்று, ஒருவர் மற்றவரை நோக்கி நீட்டுகிற சின்னச் சின்ன அழைப்புகள். "அங்க பாரேன் அந்தப் பறவைய" என்பது போல. அதற்கு மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, இல்லையா என்பது உறவில் பெரிய வித்தியாசம் செய்கிறது என்பது அவர் கண்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது அப்படி ஒரு அழைப்பு. உங்கள் பதில் வாட்ச்.

உயரப் பயம் ஒன்றும் வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, தசைகள் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். உயரத்தில் பார்வைக்குப் பிடிமானமாகப் பக்கத்தில் எதுவும் இல்லாதபோது உடம்பு லேசாக ஆடும். மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்துகொள்வது, பக்கத்தில் அசையாத ஒன்றைப் பார்ப்பது உடனடிக்கு உதவும். தீர்வு என்றால், கொஞ்சம் கொஞ்சமாக உயரத்துக்குப் பழகுவதுதான். முதல் நாளே உச்சிக்குப் போகக் கூடாது. பயம் வருகிற படியில் நின்று, அது இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் அதிகம் என்றால் ஒரு உளவியலாளரின் துணையோடு செய்யுங்கள்.

அதற்கு நீங்கள் சிந்த்ரா போக வேண்டாம். உங்கள் ஊரிலேயே நாயக்கர் காலத்துக் கோட்டை இருக்கிறது, பாறையில் வெட்டிய படிகளோடு. (ஒரு வேடிக்கை: பெனா அரண்மனை நிற்கும் இடத்தில் முன்பு ஒரு மடாலயம் இருந்தது. 1755-ல் லிஸ்பனை உலுக்கிய நிலநடுக்கத்தில் அது சேதமாயிற்று. அதே 1755-ல்தான் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பொறுப்பேற்று வந்தார் என்பார்கள்.) ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் சொல்லுங்கள்: "எனக்கு முட்டி வலி இல்ல, பயம்." அவர் சிரிக்கலாம். கோபப்படலாம். இத்தனை வருடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கலாம். எதுவானாலும் இப்போதைய மரியாதையான அமைதியைவிட மேல்.

பிறகு ஒரு நாள் காலை வெயில் ஏறும் முன் இரண்டு பேரும் போங்கள். உங்களால் முடிந்த படியில் நீங்கள் உட்காருங்கள். அவர் மேலே போகட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். செல்போன் அவர் கையில் இருக்கட்டும். வாட்ச்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முட்டியிலும் கொஞ்சம் வலி உண்டு என்றால் எலும்பு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, வயது 61.