எனக்கு வெட்கமாக இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் மெக்சிகோ போகவிருக்கிறேன். ஆறு மாதமாக ஸ்பானிஷ் கற்கிறேன். போன வாரம் வகுப்பில் தடுமாறியபோது, வெட்கமாக இருக்கிறது என்று சொல்வதாக எண்ணி ‘எஸ்தோய் எம்பராசாதோ’ என்றேன். மெக்சிகோக்கார ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்! அன்றிலிருந்து வாய் திறக்கவே கூச்சம். மனப்பாடம் செய்ய, கொச்சைச் சொற்களின் பட்டியல் ஏதும் உண்டா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். எத்தனையாவது மாதம்?

பட்டியல் எல்லாம் வேண்டாம். மெக்சிகோவில் நண்பர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘வேய்’ என்பார்கள். எருதைக் குறிக்கும் ‘புவேய்’ மருவி வந்த சொல் அது. அதை உருப்போட்டுக்கொண்டு போய் முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்வீர்களா? முதலில் நட்பு வரட்டும்.

எனக்குக் கோபம் வேறு. ‘எம்பராசாதோ’ உங்கள் வாயில் எப்படி வந்தது? ஆங்கிலத்தின் ‘எம்பாரஸ்’ஸுக்கு ஸ்பானிஷ் வால் ஒட்டியிருக்கிறீர்கள். (அந்த ஆங்கிலச் சொல்லே ஸ்பானிஷிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனதுதான்.) தமிழில் நினைத்திருந்தால் ‘எனக்கு’ என்றல்லவா தொடங்கியிருப்பீர்கள்? ஸ்பானிஷும் அப்படித்தான் தொடங்குகிறது: ‘மே தா வெர்குவென்சா’. ‘மே’ என்றால் எனக்கு. எனக்குப் பிடிக்கும், ‘மே குஸ்தா’. எனக்குத் தலை வலிக்கிறது, ‘மே துவேலே லா கபேசா’. ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் இந்த ‘மே’யோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கோ நான்காம் வேற்றுமை பேச்சு வந்த நாளிலிருந்து நாக்கில் இருக்கிறது. வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குக் குடம் தூக்குகிறீர்கள். படித்த பிள்ளைகள் எல்லோரும் இதையே செய்கிறீர்கள்!

புழுக்கத்துக்கும் ஆங்கில வழியே போனால் ‘எஸ்தோய் கலியென்தே’ வரும். காமம் தலைக்கேறியிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ‘தெங்கோ கலோர்’ என்பதே சரி. இங்கே தமிழும் கைகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்பானியர்கள் வெக்கையை ‘வைத்திருப்பவர்கள்’.

மாத்ரித்தில் கற்ற ஸ்பானிஷோடு நான் புவெனஸ் ஐரிஸ் போய் இறங்கினேன். ஸ்பெயினில் பஸ், பேனா, சளி எதையும் ‘கொஹேர்’ செய்யலாம். பிடிப்பது, எடுப்பது என்று பொருள். அர்ஜென்டினாவில் அது படுக்கையறை வினை. பத்திரிகைக் கடைப் பெரியவரிடம் பஸ்ஸை எங்கே கொஹேர் செய்யலாம் என்று கேட்டேன். கையிலிருந்த நாளிதழ்க் கட்டைக் கீழே வைத்துவிட்டு, முகம் மாறாமல், “புகைக்குழாய் வழியாக முயன்று பாருங்கள்” என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து பஸ் நிறுத்தம் வரை கூட்டிப்போனார். வழியெல்லாம் “தோமார், தோமார்” என்று, பஸ் பிடிக்க அங்கே சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். நானும் பள்ளிப் பிள்ளைபோல் திருப்பிச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பஸ் ஏறியும் அவர் கையசைப்பது தெரிந்தது. உதடுகள் அப்போதும் ‘தோமார்’ என்றன.

மெக்சிகோவிலும் கொஹேர் அதே வினைதான், நினைவிருக்கட்டும். இன்னொன்று, வெட்கத்துக்கு அங்கே ‘மே தா பேனா’ என்பார்கள். ஸ்பெயினில் அதுவே வருத்தம். அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் சொல்லிப் பாருங்கள். பேனாவை நீட்ட மாட்டார்.