ஞானஸ்நானம் எந்தக் கோயிலில்?

சகோதரருக்கு, நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை), மனைவி கத்தோலிக்கர், நாற்பது நாள் குழந்தையின் ஞானஸ்நானத்தை முன்னிட்டு இரண்டு ஆச்சிகளும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுக்கப்படும் ஞானஸ்நானத்தை இரு சபைகளும் ஏற்கின்றன என்பதையும், எங்கே கொடுத்தாலும் அது மறுபடி கொடுக்கப்படுவதில்லை என்பதையும் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் அனுமதியோடு உங்கள் திருமணம் நடந்திருந்தால், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக உங்கள் மனைவி வாக்களித்திருப்பார். அதை ஒதுக்கிவிட்டு முடிவெடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் உங்கள் அக்காவும் சாட்சியாக நிற்கலாம், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான் (1947-இல் தென்னிந்தியாவில் பல சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. உருவானதைவிட இது கடினம்!). கடைசியில் மாமியார் வாங்கிய வெள்ளைச் சட்டைக்கு அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தது எங்கள் அம்மா.